ஆசனப் பெயர்களைப் பிரித்துப் படிக்க: புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலை யோகா வகுப்பில் "அர்த்த மத்ஸ்யேந்திராசனம்" என்று நான் சொன்னதும், முந்தைய நாள் அதே ஆசனத்தைச் செய்தவர்களில் பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். முதுகைத் திருப்பி உட்காரும் ஆசனம் என்றால் உடனே புரிந்துகொள்வார்கள்; பெயர்தான் நினைவில் நிற்பதில்லை. நீளமான வடமொழிப் பெயரைக் கேட்டதும் இது நமக்கு ஒட்டாத பாடம் என்று நினைத்து, ஒரு வாரத்தில் வருவதை நிறுத்திவிட்டவர்களும் உண்டு. அவர்களை நினைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இந்தப் பெயர்களில் உள்ள சொற்களில் பெரும்பகுதி கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்த எவருக்கும் கோயிலிலும் பஞ்சாங்கத்திலும் ஏற்கெனவே பழக்கமானவை. அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பெயர் தானாக நினைவில் நிற்கும். அதைவிட முக்கியமாக, உடம்பின் எந்தப் பகுதி வேலை செய்ய வேண்டும் என்பதையும் அந்தப் பெயரே சொல்லிவிடும்.

தொடங்கும் முன்

சாப்பிட்டு மூன்று அல்லது நான்கு மணி நேரம் கழித்தே ஆசனம் செய்ய வேண்டும் என்பதால், விடியற்காலை வெறும் வயிறே எல்லோருக்கும் எளிது. பனியன் கம்பெனிக்கோ தறிக்கோ எட்டு மணிக்குள் போக வேண்டியவர்கள் ஐந்தரைக்குத் தொடங்கினால் ஆறரைக்குள் முடித்துவிடலாம். விரிப்புக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. கெட்டியான பவானி ஜமுக்காளம் ஒன்று வீட்டில் இருந்தால் போதும். அதைச் சிமெண்டுத் தரையில் விரித்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்; வழவழப்பான டைல்ஸ் தரையில் விரித்தால் வழுக்கும் என்பதால் அடியில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். உயர் ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், முதுகுத் தட்டுப் பிதுக்கம், குடலிறக்கம் ஆகியவை உள்ளவர்களும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். தலைகீழாக நிற்பவை, வயிற்றை அழுத்துபவை, முதுகை ஆழமாக வளைப்பவை ஆகியவற்றில்தான் இவர்களுக்கு ஆபத்து அதிகம்.

முதல் படி: கடைசியிலிருந்து படியுங்கள்

எல்லாப் பெயர்களும் "ஆசனம்" என்று முடிகின்றன. உட்கார்தல் என்று பொருள்படும் "ஆஸ்" என்ற வேரிலிருந்து வந்த சொல் அது. ஆசனம் என்பது நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பது பதஞ்சலியின் யோக சூத்திரம் தரும் இலக்கணம். அந்த இரண்டு சொற்களையும் முதல் நாளே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் வந்தால் நிலை இல்லை; மூச்சு முட்டினால் சுகம் இல்லை. இரண்டில் ஒன்று போனாலும் அரை அடி பின்வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆசனம் என்ற கடைசிப் பகுதியை எடுத்துவிட்டால் மீதம் இருப்பதுதான் நீங்கள் படிக்க வேண்டிய பகுதி. புஜங்காசனத்தில் புஜங்கம், சவாசனத்தில் சவம், திரிகோணாசனத்தில் திரிகோணம். இப்படிப் பார்த்தாலே பெயர்ப் பட்டியலில் பாதி அச்சம் போய்விடும்.

இரண்டாம் படி: சந்தியைப் பிரியுங்கள்

பள்ளியில் தீர்க்க சந்தி, குண சந்தி என்று படித்தது இங்கேதான் உதவுகிறது. தாட என்பதும் ஆசனம் என்பதும் சேர்ந்து தாடாசனம் ஆகிறது. சர்வ, அங்க, ஆசனம் மூன்றும் சேர்ந்து சர்வாங்காசனம் ஆகிறது. இவை தீர்க்க சந்தி. சூரியனும் உதயமும் சேர்ந்து சூரியோதயம் ஆவதுபோல, பஸ்சிம என்பதும் உத்தான என்பதும் சேர்ந்து பஸ்சிமோத்தான ஆகிறது. நரேந்திரன் என்ற பெயர் அமைவதுபோலவே மத்ஸ்ய, இந்திர என்பவை சேர்ந்து மத்ஸ்யேந்திர ஆகிறது. இவை குண சந்தி. தனுஸ் என்பது ஆசனத்தோடு சேரும்போது மட்டும் ஸகரம் ரகரமாகித் தனுராசனம் என்று வரும். இந்த மூன்று வகை தெரிந்தால் வகுப்பில் கேட்கும் பெயர்களில் பெரும்பாலானவற்றை நீங்களே பிரித்துவிடலாம்.

தமிழ் எழுத்தில் ஓர் இடர் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். "பால" என்று எழுதினால் அது பாலகனைக் குறிக்கிறது என்பது தெரியாதவர் பால் என்று நினைத்துக்கொள்ளலாம். "அர்த்த" என்று எழுதியிருப்பதைப் பொருள் என்று படிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே அதற்குப் பாதி என்று பொருள். ஆகவே பெயரைப் புத்தகத்தில் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஆசிரியர் வாயிலிருந்து ஒருமுறை கேட்டு, அவர் சொல்வதுபோலவே திருப்பிச் சொல்லிப் பழகுங்கள்.

மூன்றாம் படி: தெரிந்த சொல்லைத் தேடுங்கள்

திருச்செங்கோட்டு மலையில் ஆண் பாதி, பெண் பாதியாக நிற்கும் அர்த்தநாரீசுவரரைத் தரிசித்தவர்களுக்கு "அர்த்த" என்ற சொல்லை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. அர்த்த மத்ஸ்யேந்திராசனம் என்றால் முழு மத்ஸ்யேந்திராசனத்தின் எளிய பாதி. மத்ஸ்யேந்திரர் ஹடயோக மரபின் தொடக்கக் குருமார்களில் ஒருவர். தமிழ்ச் சித்தர் வரிசையில் உள்ள மச்சமுனியை அவரோடு இணைத்துச் சொல்பவர்களும் உண்டு.

கோயில்களில் தல விருட்சத்தைச் சுற்றி வந்திருக்கிறோம். விருட்சாசனம் என்றால் மரம். மகரம், தனுசு இரண்டும் ராசிக் கட்டத்தில் உள்ளவை. தனுராசனத்தில் உடம்பு வில், கணுக்காலைப் பிடிக்கும் கைகள் நாண். மகரம் புராணங்களில் வரும் நீர்வாழ் உயிரினம் என்றாலும், மகராசனத்தை முதலை ஆசனம் என்றே சொல்கிறார்கள். குப்புறப் படுத்து ஓய்வெடுக்கும் அந்த நிலையையும், குழந்தைபோல் மடிந்து படுக்கும் பாலாசனத்தையும் ஒன்றாக நினைவில் வைக்க அவிநாசித் தலக்கதை உதவும். முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பாடி மீட்டது அந்த ஊரில்தான். ஹலம் என்றால் கலப்பை. பலராமனை ஹலாயுதன் என்பார்கள். மல்லாந்து படுத்துக் கால்களைத் தலைக்கு மேலே கொண்டுபோய்ப் பின்னால் தரையில் ஊன்றும் ஹலாசனத்தைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், மண்ணில் இறங்கிய ஏர் தெரியும். ஆனால் அது கழுத்தில் பாரம் ஏற்றும் ஆசனம் என்பதால் முதல் மூன்று மாதங்களுக்குப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலுக்குப் போகும்போது கனகசபை மண்டபத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அங்குள்ள தூண் சிற்பங்களில் வீரபத்திரர் இருக்கிறார். தக்கன் வேள்வியை அழிக்கச் சிவபெருமானின் சடையிலிருந்து தோன்றிய அந்த வீரரின் பெயரில்தான் வீரபத்ராசனம் மூன்று வகையாகச் சொல்லப்படுகிறது. முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு, மார்பு விரிந்து நிற்கும்போது அந்தச் சிற்பத்தின் தோள் அகலத்தை நினைத்துக்கொண்டால், "தோளைத் தளர்த்தாதீர்கள்" என்று யாரும் சொல்ல வேண்டியிராது. அதே மண்டபத்தில் ஒரு காலை வானோக்கித் தூக்கி ஆடும் ஊர்த்துவ தாண்டவரும் இருக்கிறார். ஊர்த்துவ என்றால் மேல்நோக்கி என்பதை அவர் கால் சொல்லிவிடும். அதற்கு எதிர்ச்சொல் அதோ, அதாவது கீழ்நோக்கி. அதோமுக ஸ்வானாசனம் என்ற நீண்ட பெயரை இப்போது நீங்களே பிரிக்கலாம்: கீழ்நோக்கிய முகம், நாய், ஆசனம். தூங்கி எழும் நாய் முன்கால்களை நீட்டி இடுப்பை உயர்த்திச் சோம்பல் முறிப்பதை நாம் எல்லோரும் வாசலில் பார்த்திருக்கிறோம். அது இடுப்பைத்தான் உயர்த்துகிறது, குதிகாலைத் தரையில் அழுத்துவதைப் பற்றி அது கவலைப்படுவதில்லை. புதியவர்களும் அப்படியே செய்யலாம். முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டு இடுப்பை உயர்த்துங்கள். குதிகால் சில மாதங்களில் தானாக இறங்கும்.

நான்காம் படி: திசைச் சொற்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் நான் பட்ட துன்பமும் இதில் இருக்கிறது.

வடமொழியில் திசைகளுக்கான பெயர்கள், உதயசூரியனைப் பார்த்து நிற்கும் ஒருவரின் உடம்பை அடிப்படையாகக் கொண்டவை. பூர்வம் என்றால் முன்பக்கம், அதுவே கிழக்கு. பஸ்சிமம் என்றால் பின்பக்கம், அதுவே மேற்கு. தட்சிணம் என்றால் வலப்பக்கம், அதுவே தெற்கு. தமிழிலோ திசைச் சொற்கள் நிலத்தின் சரிவிலிருந்து வந்தவை; மேடான பக்கம் மேற்கு, கீழான பக்கம் கிழக்கு. வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யல் கிழக்கே ஓடிக் காவிரியில் கலப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது விளக்காமலே விளங்கும். கோவைக்கு மேற்கே மலையடிவார ஊர்களில் விடியற்காலையில் கிழக்கு நோக்கி உட்கார்ந்து பாருங்கள். சூரியன் முகத்துக்கு நேரே, மேற்குத் தொடர்ச்சி மலை முதுகுக்குப் பின்னே. இரண்டு மொழிகளும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன: பஸ்சிமம், மேற்கு, முதுகு.

பஸ்சிமோத்தானாசனம் என்ற பெயருக்கு இப்போது பொருள் தெளிவாகிவிடும். உத்தான என்றால் நன்றாக நீட்டுதல். உடம்பின் மேற்குப் பக்கத்தை, அதாவது குதிகாலிலிருந்து பிடரி வரையுள்ள பின்புறம் முழுவதையும் நீட்டும் ஆசனம் அது. தமிழ்ப் புத்தகங்கள் சில இதைப் பச்சிமோத்தாசனம் என்று சுருக்கி எழுதுகின்றன. எந்த வடிவத்தில் எழுதினாலும், அந்தப் பெயரில் கால்விரல் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நான் கற்றுக்கொள்ளத் தொடங்கிய காலத்தில் இதைக் கவனிக்கவில்லை. ஊரில் ஒரு மண்டபத்தில் நடந்த வகுப்பில், கால்விரலைத் தொட்டால்தான் ஆசனம் முடிந்ததாகக் கணக்கு. எனக்கு நான்கு விரற்கடை குறைந்தது. கற்பித்தவர் பின்னால் வந்து முதுகில் கை வைத்து அழுத்தினார். நானும் ஒரு வெட்டு வெட்டிக் குனிந்தேன். விரலைத் தொட்டுவிட்டேன். அன்று மாலையே இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் குனிந்து ஒரு குடம் தண்ணீர் எடுக்க முடியவில்லை. பிறகு வேறோர் ஆசிரியரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது, அந்த ஆசனத்தின் பெயருக்கு என்ன பொருள் என்பதுதான். எனக்குத் தெரியவில்லை. பெயரைப் பிரித்துச் சொல்லிவிட்டு, கால் கட்டைவிரலைப் பிடிப்பதற்கென்றே பாதாங்குஷ்டாசனம் என்று தனியாக ஒன்று இருப்பதையும் சொன்னார். பாதம், அங்குஷ்டம், ஆசனம். அங்குஷ்டம் என்றால் கட்டைவிரல். அன்றுமுதல் எந்த ஆசனத்தையும் பெயரைப் பிரிக்காமல் நான் கற்பிப்பதில்லை.

ஆகவே பஸ்சிமோத்தானாசனத்தை இப்படிச் செய்யுங்கள். மடித்த போர்வை ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்து கால்களை முன்னே நீட்டுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது முதுகெலும்பு மேல்நோக்கி நீளட்டும். மூச்சை விடும்போது இடுப்பு மூட்டிலிருந்து முன்னே சாயுங்கள்; முதுகு கூனக் கூடாது. கை எங்கே எட்டுகிறதோ, முழங்காலோ கெண்டைக்காலோ, அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். தொடையின் பின்பக்கம் இதமாக இழுபடுவது தெரிந்தால் ஆசனம் அமைந்துவிட்டது. ஐந்து மூச்சு இருந்துவிட்டு மெதுவாக எழுங்கள். முழங்காலின் பின்னே சுருக்கென்ற வலியோ இடுப்பில் குத்தலோ வந்தால் உடனே விட்டுவிட வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கமாக, முன்பக்கத்தை நீட்டும் ஆசனம் பூர்வோத்தானாசனம். பூர்வம் முன்பக்கம் என்பதால், கைகளைப் பின்னே ஊன்றி மார்பையும் வயிற்றையும் வானம் பார்க்க உயர்த்துவது என்று பெயரே சொல்கிறது.

பிற குறிப்புச் சொற்களை விரைவாகச் சொல்லிவிடலாம். பார்சுவ என்றால் பக்கவாட்டு. பரிவிருத்த என்றால் திருகிய. உத்தித என்றால் நீட்டி உயர்த்திய. சுப்த என்றால் படுத்த நிலை. பத்த என்றால் கட்டிய. ஏகபாத என்றால் ஒற்றைக் கால். ஜானு முழங்கால், சிரசு தலை, கோணம் நாம் அறிந்த கோணமே. இவற்றை வைத்துக்கொண்டு சுப்த பத்த கோணாசனம் என்ற பெயரைக் கேட்டால், படுத்துக்கொண்டு, பாதங்களைச் சேர்த்துக் கட்டியதுபோல் வைத்து, கால்கள் கோணமாக விரிந்திருக்கும் நிலை என்று நீங்களே வரைந்துவிடலாம்.

ஐந்தாம் படி: பெயரோடு சேர்த்து உடம்பில் ஏற்றுங்கள்

முதல் இரண்டு வாரங்களுக்கு ஐந்து ஆசனங்கள் போதும்: தாடாசனம், விருட்சாசனம், புஜங்காசனம், பாலாசனம், சவாசனம். பெயரை வாய்விட்டுச் சொல்லி, பொருளைச் சொல்லி, பிறகு செய்யுங்கள். இரண்டை மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

தாடம் என்பதற்கு மலை என்றும் பனை என்றும் பொருள் சொல்வார்கள். எங்கள் வகுப்பில் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா முதல் நாளில், "பனமரமாட்டம் நிக்கச் சொல்றயாக் கண்ணு?" என்று கேட்டார். அவர் தோட்டத்து வரப்பில் நிற்கும் பனைகளை நாள்தோறும் பார்க்கிறவர் என்பதால், அதற்குமேல் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றில் பனையைக் கவனித்தால், மேலே மட்டைகள் சலசலத்துக்கொண்டிருக்க, கீழே அடிமரம் அசையாமல் நிற்பது தெரியும். அப்படித்தான் நிற்க வேண்டும். பாதங்களை ஒட்டியோ ஒரு விரல் இடைவெளியிலோ வையுங்கள். கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் ஆகிய மூன்று இடங்களிலும் எடை சமமாக இறங்கட்டும். தொடைத் தசையைச் சற்று இறுக்கினால் முழங்கால் சில்லு மேலே ஏறும். வயிறு லேசாக உள்ளே, தோள்கள் காதைவிட்டுக் கீழே, முகவாய் தரைக்கு இணையாக இருக்கட்டும். ஒரு நிமிடம் இப்படி நின்றால், உங்கள் எடை எந்தக் காலில் சாய்கிறது என்பது வாழ்நாளில் முதல்முறையாகத் தெரியவரும். ஓவர்லாக் மெஷினில் ஒற்றைக் காலால் பெடலை மிதித்துப் பழகியவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் காலிலேயே எடை நிற்பதைப் பார்க்கிறேன்.

புஜங்கம் என்றால் பாம்பு. மருதமலைக்குப் போனவர்கள் பாம்பாட்டிச் சித்தர் குகையைப் பார்த்திருப்பார்கள்; பெயரை நினைவில் வைக்க அதுவே போதும். கேரண்ட சம்ஹிதை என்ற பழைய யோக நூல் இந்த ஆசனத்தை விவரிக்கும்போது, கால்விரலிலிருந்து தொப்புள் வரை உடம்பு தரையில் படிந்திருக்க, தலையைப் பாம்புபோல் உயர்த்தச் சொல்கிறது. படமெடுக்கும் பாம்புக்குக் கை கிடையாது என்பதை நினைத்துக்கொண்டால் இந்த ஆசனத்தில் நேரும் பெரிய பிழை நீங்கிவிடும். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை மார்புக்குப் பக்கத்தில் வைத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். மூச்சை இழுத்தபடி முதுகுத் தசையால் தலையையும் மார்பையும் உயர்த்துங்கள். ஒரு கணம் உள்ளங்கைகளைத் தரையிலிருந்து அரை அங்குலம் எடுத்துப் பாருங்கள். எந்த உயரத்தில் மார்பு கீழே விழாமல் நிற்கிறதோ அதுவே உங்கள் புஜங்காசனம். கையை ஊன்றி இன்னும் மேலே போனால் அந்தப் பாரத்தை இடுப்பு சுமக்கும். நாள் முழுவதும் குனிந்து தைப்பவர்களுக்கும் தறியில் நிற்பவர்களுக்கும் இந்தத் தாழ்ந்த புஜங்காசனமே நல்லது.

ஒரே பெயர், வேறு ஆசனம்

இரண்டு இடங்களில் படித்தவர்கள் குழம்புவது இங்கேதான். ஒரு மரபில் தாடாசனம் என்றால் நேராக நிற்பது மட்டும். இன்னொரு மரபில் கைகளை உயர்த்தி நுனிக்காலில் நிற்பது. ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய நூல் தனுராசனம் என்று சொல்வது, கால் கட்டைவிரலைப் பிடித்துக் காது வரை இழுக்கும் நிலை. இன்று நாம் குப்புறப் படுத்துச் செய்வது வேறு. அந்த நூல் விவரிக்கும் ஆசனங்கள் 15, கேரண்ட சம்ஹிதையில் 32. இன்று நின்றுகொண்டு செய்யும் வீரபத்ராசனம் போன்றவை இவற்றில் இல்லை. அவை 20ஆம் நூற்றாண்டில், மைசூரில் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரின் மரபு வழியே பரவியவை. இதனால் அவற்றின் மதிப்புக் குறைந்துவிடாது. ஆனால் எல்லாமே பல்லாயிரம் ஆண்டுப் பழமை என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

தமிழுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தைப் பாடும்போது பத்திரம், கோமுகம், பங்கயம், வீரம், சுகாதனம் என்று ஆசனங்களைப் பெயர் சொல்கிறது. பங்கயம் என்பது பத்மாசனம்தான். வடமொழிப் பெயர் வாயில் நுழையவில்லை என்று வருந்துபவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு: பங்கய ஆதனம் என்று சொன்னாலும் மரபு மாறவில்லை. இருந்தாலும் வகுப்பில் வடமொழிப் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊருக்குப் போய் எந்த ஆசிரியரிடம் சேர்ந்தாலும் அந்தப் பெயரால்தான் அழைப்பார்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நாளுக்கு ஒரு பெயர் எழுதுங்கள். முழுப்பெயர், பிரித்த வடிவம், பொருள், அன்று உடம்பில் எங்கே வேலை தெரிந்தது என்ற நான்கும் போதும். பொருளும் உடம்பும் ஒத்துப்போகாத நாளில் அந்த வரியின் கீழே கோடிட்டு, மறுநாள் ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள்.

ஒவ்வொரு நாளும் கடைசியாக வருவது சவாசனம். பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லாத பெயர். மங்கலமான விடியற்காலையில் இப்படி ஒரு சொல்லா என்று தயங்குபவர்கள் சாந்தி ஆசனம் என்று சொல்லிக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து, கால்களைச் சற்று அகட்டி, உள்ளங்கைகள் மேலே பார்க்கக் கைகளை உடம்பைவிட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். களைப்பைப் போக்கி மனத்துக்கு ஓய்வு தருவது என்று ஹடயோகப் பிரதீபிகை இதைச் சொல்கிறது. அவசரத்தில் புதியவர்கள் விட்டுவிட்டு ஓடுவதும் இதைத்தான். ஐந்து நிமிடமாவது படுத்திருங்கள். எழும்போது நேராக எழாமல், வலப்பக்கம் திரும்பி, இடக்கையைத் தரையில் ஊன்றி எழுந்து உட்காருங்கள். அதன் பிறகு ஜமுக்காளத்தைச் சுருட்டலாம்.